மலைக்கு அந்தப் பக்கத்துச் சுவிட்சு

என் கடைக் கூரைக்கு மேலே ரயில் ஓடும். போனைக் கொடுத்துவிட்டு ரசீதுக்கு நிற்கிறவர்கள் சட்டென்று அண்ணாந்து பார்ப்பார்கள். "எலியா?" என்பார்கள். "ஆமா, சக்கரம் வச்ச எலி" என்பேன். அதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. போன், ரேடியோ, அயர்ன் பாக்ஸ் என்று நாள் முழுவதும் எரிந்துபோன சாமான்களோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு வாய் கொஞ்சம் கடுகடுவென்றுதான் இருக்கும்.

மேலே இருந்தவர்கள் இரண்டே பேர். அவர் ஒரு பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் லேத் ஓட்டி, முழங்கால் இரண்டும் தேய்ந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். தெருவில் அவரை லேத்துக்காரர் என்றும் அவளை எக்ஸ்சேஞ்சக்கா என்றும்தான் சொல்வார்கள். அக்காவின் புருஷனை மாமா என்றுதான் நான் கூப்பிட வேண்டும். கடை திறந்த முதல் நாளே என் வாயில் 'அண்ணே' என்று வந்துவிட்டது. "புருஷன் பொஞ்சாதிய அண்ணன் தங்கச்சி ஆக்கிட்டாளே பாவி" என்று அக்கா அதையே இருபது வருஷம் சொல்லிச் சிரித்தாள். இருவருக்கும் நான் ரிப்பேரம்மா.

அவர்கள் வீட்டுப் பெரிய அறை முழுக்க ரயில்தான். சோபா, அலமாரி எல்லாம் வெளியே நடையில் கிடக்கும். இடுப்பு உயரத்தில் ஒரு பெரிய பலகை, அதைச் சுற்றி ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற அளவுக்குச் சந்து. பலகையின் நடுவே காகிதக் கூழும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிய ஒரு மலை. இந்தப் பக்கம் அவர் நாற்காலி, அந்தப் பக்கம் அக்கா நாற்காலி. உட்கார்ந்தால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

"புள்ள இல்லாத கொறைக்கு ரயிலு வச்சு வெளையாடுறாங்கன்னு ஊரு சொல்லும்" என்பாள் அக்கா. "அதெல்லாம் இல்லடி. இது வெறும் கிறுக்கு."

பழைய ரயில் ஓடுகிற விதத்தைச் சொன்னால்தான் பிறகு நடந்தது புரியும். தண்டவாளத்தில் எவ்வளவு கரண்ட் விடுகிறோமோ அவ்வளவு வேகம். குமிழைத் திருகினால் அந்தத் தண்டவாளத்தில் நிற்கிற எல்லா இன்ஜினும் சேர்ந்து கிளம்பிவிடும். இரண்டு ரயில் ஓட்ட வேண்டுமானால் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு ஒரு சுவிட்சு வைக்க வேண்டும். மலைக்கு இந்தப் பக்கத்துத் துண்டுகள் அவர் கையில், அந்தப் பக்கத்தவை அக்கா கையில். அவர் ரயில் மலைக்குப் பின்னால் நுழையப் போகும்போது "வரேன்" என்பார். அக்கா சுவிட்சை மேலே தள்ளி "வா" என்பாள். ரயில் கடந்ததும் கீழே இறக்கிவிடுவாள். வரேன், வா, டக். ஊருக்கு முன்னால் புருஷனை "வாங்க போங்க" என்கிறவள், அந்த அறைக்குள் மட்டும் "வா" என்பாள். எனக்குக் கீழே கேட்கும். கேட்டுக் கேட்டுப் பழகி, கேட்காத நாளில் வேலை ஓடாது.

அந்தச் சுவிட்சுகளை அவரே லேத்தில் பித்தளையில் கடைந்து செய்தார், எக்ஸ்சேஞ்சில் அக்கா வேலை பார்த்த சுவிட்சுப் பலகையில் உள்ளது போலவே. எட்டு சுவிட்சு. அவள் விரல் பட்டுப் பட்டு நுனியெல்லாம் மழுங்கி மினுமினுவென்று இருக்கும்.

மழைக்காலம் தொடங்கின ஒரு மதியம். அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். வயிற்றில் கட்டி, இனி அறுக்க ஒன்றுமில்லை என்று டாக்டர் கைவிரித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆளே பாதியாகிவிட்டாள். கையில் ஒரு செருப்புப் பெட்டி. உள்ளே பழைய துண்டில் சுற்றி ஆறு இன்ஜின்கள்.

"டீகோடர் வைக்கத் தெரியுமாடி உனக்கு?"

"அது என்னக்கா?"

ரயில் பத்திரிகையில் கிழித்த ஒரு தாளை நீட்டினாள். விரல் நகம் அளவு பச்சைச் சில்லு. அதை இன்ஜின் வயிற்றுக்குள் வைத்துவிட்டால், தண்டவாளத்தில் எப்போதும் முழுக் கரண்ட் இருக்கும், ஆனால் எந்த இன்ஜினும் தானாகக் கிளம்பாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். கையில் வைத்திருக்கும் பெட்டியில் நம்பரை அழுத்தி ஓடு என்றால் அது மட்டும் ஓடும், நில் என்றால் நிற்கும். சுவிட்சு வேலையே இல்லை. எல்லாத் துண்டுக்கும் எப்போதும் கரண்ட்.

"அதாவது, ஒரே ஆளு ரெண்டு ரயிலையும் ஓட்டலாம்" என்றாள் அக்கா.

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"நான் போயிட்டா அவரு அந்த ரூமப் பூட்டிடுவாரு. பூட்டிட்டு நடையில போட்டிருக்கற சோபாவுல உக்காந்து செவுத்தப் பாப்பாரு. எனக்குத் தெரியும் அவர. எனக்கு நீ ஒரு வாக்கு குடு."

"என்னத்துக்குக்கா இப்ப..."

"அழாத. அழுதின்னா பெட்டிய எடுத்துட்டுப் போயிடுவேன். அவரு உக்காந்த எடத்த விட்டு எந்திரிக்கக் கூடாது. அந்த முட்டிய வச்சுக்கிட்டு சந்துல சுத்திச் சுத்தி வரக் கூடாது. உக்காந்த எடத்துலயே எல்லாம் நடக்கணும். அத நான் என் கண்ணால பாத்துட்டுப் போகணும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

*

தாளில் போட்டிருந்தது போல லேசான வேலை இல்லை. முப்பது வருஷத்துக்கு முந்தைய இன்ஜின்கள். இந்தச் சில்லு பிறப்பதற்கு முன்பே செய்தவை. உள்ளே எடைக்காக வைத்த ஈயக் கட்டியை அரத்தால் ராவி இடம் உண்டாக்க வேண்டும். அதைவிடப் பெரிய வம்பு மோட்டார். அதன் ஒரு கால் இன்ஜினின் இரும்பு உடம்பையே தொட்டுக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் அதுதான் சிக்கனம். இப்போது அந்த உறவைத் துண்டித்து, மோட்டாரை உடம்பிலிருந்து தனியாகப் பிரித்த பிறகுதான் சில்லை இணைக்க வேண்டும். ஒரு மயிரிழை தொட்டாலும் சில்லு புகைந்துவிடும்.

முதல் இன்ஜினிலேயே புகைந்தது. மோட்டாரைப் பிடித்திருந்த ஒரு திருகாணி, உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. மேலே அறையில், இருவர் முன்னாலும் வைத்துத்தான் சோதித்தேன். சுருக்கென்று ஒரு சத்தம், பிறகு அந்த நாற்றம். என் மானம் கப்பலேறிவிட்டது.

அண்ணன் அன்றைக்குத்தான் வாய் திறந்தார். அதுவரை, மனைவி தனக்காக இன்ஜின்களைக் கொண்டுபோய் அறுக்கக் கொடுத்திருக்கிறாள் என்று தெரிந்த நாள் முதல், என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவர். "பரவால்லம்மா, பரவால்லம்மா. தப்பு யாருக்குத்தான் வராது" என்றார். அவரே டீ போட்டார். இரண்டு கரண்டி சர்க்கரை, தட்டில் பிஸ்கட். "மெதுவா செய். அவசரம் என்ன?" என்றார்.

தங்கமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டு படி இறங்கினேன்.

வேறு சில்லு வாங்கி, திருகாணிக்குப் பிளாஸ்டிக் வளையம் போட்டு, கறுப்பு இன்ஜினும் பச்சை இன்ஜினும் தயாராயின. என் மேசையில் ஒரு முழத் தண்டவாளம் வைத்துப் பார்த்தால் இரண்டும் பூனை மாதிரி நகர்கின்றன, விளக்கு எரிகிறது. சுவிட்சுப் பலகையைக் கழற்றிவிட்டுக் கம்பிகளை நேராக முறுக்கிவிடலாம் என்றேன். அப்படித்தான் செய்ய வேண்டும். "அந்தப் பலகையத் தொடாத" என்றார் அண்ணன். அக்காவும் பேசாமல் இருந்தாள். சரி, எல்லாச் சுவிட்சையும் மேலே தள்ளிவைத்துவிட்டு அப்படியே விடுங்கள் என்றேன். அதுதான் என் பிழை.

இரண்டு நாற்காலியிலும் இருவரும் உட்கார்ந்தார்கள். நான் அண்ணன் பக்கத்தில். வெளியே மழை கொட்டுகிறது. அக்காவால் நேராக உட்கார முடியாது, முதுகுக்கு இரண்டு தலையணை. அண்ணன் கைப்பெட்டியை, யாரோ கொடுத்த கைக்குழந்தையைப் பிடிப்பது போல் எட்டப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினார். பச்சை கிளம்பியது. மலைக்குப் பின்னால் போனது, அக்கா முன்னால் கடந்தது, வளைந்து வந்தது. எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. இரண்டாவது சுற்றில் மலைக்குப் பின்னால் போன ரயில் வரவே இல்லை.

"நின்னுருச்சு" என்றாள் அக்கா அந்தப் பக்கத்திலிருந்து.

நான் எழுவதற்குள் அண்ணன் கைப்பெட்டியில் 'நில்' பட்டனைத் தட்டிவிட்டு எழுந்துவிட்டார். பலகை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு முட்டியை இழுத்து இழுத்து, சந்து வழியாக அந்தப் பக்கம் போனார். குனிந்து பார்த்தார். "ஒண்ணும் தெரியலயே" என்றார். நான் பின்னாலேயே போய் மீட்டரை வைத்தால், தண்டவாளத்தில் கரண்ட் கச்சிதமாக இருக்கிறது. அப்படியானால் பழுது இன்ஜினில்.

கீழே கொண்டுவந்து பிரித்தேன். பழுது இல்லை. மேலே கொண்டுபோனேன். முதல் சுற்று ஓடும், இரண்டாவதில் நிற்கும். கறுப்பும் அப்படியே. ஒவ்வொரு முறையும் அண்ணன்தான் முதலில் எழுந்து போனார். ஒவ்வொரு முறையும் மீட்டர் கரண்ட் இருக்கிறது என்றது. தண்டவாளத்தைத் துடைத்தேன், இணைப்புகளுக்கெல்லாம் மறுபடி ஈயம் வைத்தேன், சில்லை மாற்றினேன். மூன்று வாரம். அதற்குள் அக்காவுக்குக் கஞ்சிகூட இறங்காமல் போயிற்று. ரொட்டியின் நடுப்பாகத்தைப் பாலில் நனைத்து அண்ணன் ஊட்டுவார். நாலு வாய் போனால் அன்றைக்கு அது பெரிய சாப்பாடு.

"சீக்கிரம்டி" என்பாள் என்னிடம், அவர் சமையலறையில் இருக்கும்போது.

"மெதுவாம்மா" என்பார் அவர், அக்கா கண்ணயர்ந்திருக்கும்போது.

இத்தனைக்கும் என் மரமண்டையில் ஒன்றும் ஏறவில்லை.

*

ஒரு மதியம் பால் தீர்ந்துவிட்டதென்று அவர் குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். "அவரு வர்றதுக்குள்ள ஒரு வாட்டி ஓட்டிப் பாப்போம்" என்றாள் அக்கா. நானே பெட்டியை எடுத்தேன். முதல் சுற்று. இரண்டாவது சுற்று. மலைக்குப் பின்னால் சத்தம் நின்றது.

இந்தத் தடவை எனக்கு முன்னால் எழுந்து போக யாருமில்லை. நானே சந்தில் ஒருக்களித்துப் போனேன். மீட்டரை வைத்தேன். கரண்ட் இல்லை. திரும்பிப் பலகையைப் பார்த்தேன். ஏழு சுவிட்சுகள் மேலே இருந்தன. கடைசிச் சுவிட்சு கீழே இருந்தது. அதன் மேல் அக்காவின் விரல்.

அவளும் அப்போதுதான் பார்த்தாள். தன் கையை, வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தாள்.

"நானாடி?"

நான் மீட்டரைப் பலகை மேல் வைத்தேன்.

"ரயிலு தாண்டுனா கை தானா எறக்கிடும். முப்பது வருஷப் பழக்கம்." யோசித்தாள். "அப்ப ஏன் மறுபடி மேல தள்ளல நான்?"

பிறகு அவளே சொன்னாள். "அவரு 'வரேன்'னு சொன்னாத்தான் என் கை மேல தள்ளும். இப்ப அவரு சொல்றதே இல்லையே. பட்டன அழுத்திட்டு வாய மூடிக்கிறாரு."

"அண்ணனுக்கு இது தெரியாம..." என்று தொடங்கி நானே நிறுத்திக்கொண்டேன். அந்த டக் சத்தம் கீழே கடையில் இருக்கிற எனக்கே தெரியும், பழகிப்போனதால்தான் கேட்டும் மனசில் படவில்லை. அதைக் கடைந்தவருக்கா தெரியாது? நடக்க முடியாத மனுஷன் எனக்கு முன்னால் அடித்துப் பிடித்து எழுந்து போனது எதற்கென்று அப்போது விளங்கியது. போய்க் குனிவார், ஒன்றும் தெரியலயே என்பார். அக்கா கண் நின்ற ரயில் மேல் இருக்க, அதற்குள் அவர் கை சுவிட்சை மேலே தள்ளியிருக்கும். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வாரம் என்னை முட்டாளாக்கியிருக்கிறார். செத்துக்கொண்டிருக்கிறவளுடைய மூன்று வாரம்.

அவர் பால் கவருடன் வந்து நின்றார். நான் அந்தப் பக்கம் நிற்பதைப் பார்த்ததுமே முகம் செத்துவிட்டது. குடையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"சத்தம் கேட்டுச்சுல்ல உங்களுக்கு?" என்றாள் அக்கா.

"கேட்டுச்சு."

"மொத நாளேவா?"

"மொத நாளே."

"இந்தப் பொண்ணு நாயாப் பேயா அலைஞ்சுதே, ஏன் சொல்லல?"

அவர் பாலை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்றார். "எக்ஸ்சேஞ்சுல லைன்ல ஒரு கால் பாக்கி இருந்தாக்கூட சீட்ட விட்டு எந்திரிக்க மாட்ட. டூட்டி முடிஞ்சும் ஒக்காந்திருப்ப. வாசல்ல சைக்கிள வச்சுக்கிட்டு மணிக்கணக்கா நின்னிருக்கேன் நானு. திட்டிக்கிட்டே நின்னிருக்கேன்." மூச்சு வாங்கினார். "இந்த வேல முடியலன்னா நீ எந்திரிக்க மாட்டேன்னு நெனச்சேன்."

நான் மீட்டரின் கம்பிகளைச் சுருட்டினேன், பிரித்தேன், மறுபடி சுருட்டினேன்.

"கிறுக்கு" என்றாள் அக்கா. அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. "வலிக்குதுப்பா எனக்கு. ரொம்ப வலிக்குது. ஒக்கார முடியல."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு "டேப்பு போட்டு ஒட்டிடும்மா" என்றார் என்னிடம்.

கறுப்பு டேப்பை எடுத்து எட்டுச் சுவிட்சுகளையும் மேலே தள்ளி, பலகையோடு சேர்த்து இறுக்கமாக ஒட்டினேன். அக்கா தன் விரலால் அதன் மேல் ஒரு முறை தடவிப் பார்த்தாள். "எந்திரிக்கிறேன், புடி" என்றாள். நானும் அவரும் சேர்ந்து அவளைச் சந்து வழியாக இந்தப் பக்கம் கொண்டுவந்தோம். முதல் தடவையாக அவர் பக்கத்தில், மலைக்கு இந்தப் புறத்தில் உட்கார்ந்தாள்.

"ஓ, இங்க ஸ்டேஷன் வச்சிருக்கியா?" என்றாள்.

"வச்சு வருஷம் பதினெட்டு ஆச்சு."

"சொல்லவே இல்ல."

அவர் கறுப்புக்கு ஒரு நம்பர், பச்சைக்கு ஒரு நம்பர் அழுத்தினார். இரண்டும் கிளம்பின. ஒன்று ஸ்டேஷனில் நிற்க, இன்னொன்று கடக்க, பிறகு இது கிளம்ப. முதல் சுற்று, இரண்டாவது, ஐந்தாவது, பத்தாவது. ஒரு வார்த்தை பேசாமல், ஒரு அங்குலம் எழாமல் ஓட்டினார். அக்கா அவர் தோளில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். பார்த்து முடித்ததும் "சரி" என்றாள்.

அவ்வளவுதான். பதினோராவது நாள், காலையில் பால் வருவதற்கு முன் போய்விட்டாள்.

*

மீதி இருந்த நான்கு இன்ஜின்களையும் முடித்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் வாங்கி வைத்துக்கொண்டார். அதன் பிறகு ஒன்றரை மாதம் கூரைக்கு மேல் ஒரு சத்தமும் இல்லை. அக்கா சொன்னபடியே அறையைப் பூட்டிவிட்டார் என்று நினைத்தேன். கடையில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டேன். வருகிற ஆட்களிடம் எரிந்து விழுந்தேன். ஒருத்தி தன் போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு ஒரு மதியம், மழையெல்லாம் விட்டுச் சுள்ளென்று வெயில் அடித்த நாள், மேலே சக்கரச் சத்தம் கேட்டது. கையிலிருந்த வேலையை அப்படியே வைத்தேன். சத்தம் உருண்டு உருண்டு மலைக்குப் பின்னால் போனது. நின்றது.

ஐயோ என்றிருந்தது எனக்கு. மறுபடியுமா? கொஞ்ச நேரம் அமைதி. பிறகு தரையில் காலை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம். டக். ரயில் கிளம்பியது. மறுபடி டக். கால் திரும்பி வந்தது. அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் நின்றது.

உக்காந்த இடத்திலேயே எல்லாம் நடக்கணும் என்று வாக்குக் கொடுத்தவள் நான். கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறினேன். கதவு சாத்தவில்லை.

அவர் தன் நாற்காலியில் இருந்தார். ரயில் அவர் முன்னால் போய்க்கொண்டிருந்தது. நான் வந்ததை அவர் பார்க்கவில்லை. மலையை அது நெருங்கும்போது, "வரேன்" என்றார். சத்தமாக இல்லை, பக்கத்தில் இருக்கிற ஆளிடம் சொல்வது போல.

ரயில் மலைக்குப் பின்னால் போய் நின்றது. அவர் கைப்பெட்டியை வைத்துவிட்டு, பலகை விளிம்பைப் பிடித்து எழுந்தார். ஒரு முட்டியைத் தூக்கிவைத்து, மற்றதை இழுத்து, சந்தில் ஒருக்களித்து எட்டு அடி நடந்து அந்தப் பக்கம் போனார். அக்கா நாற்காலியில் தலையணைகள் அப்படியே இருந்தன. டேப்பின் ஒரு முனை பிரிந்து தொங்கியது. ஏழு சுவிட்சு மேல் ஒட்டியபடியே இருந்தது. கடைசிச் சுவிட்சின் மேல் மட்டும் இல்லை.

அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"ரிப்பேர் ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

"அண்ணே, அக்கா என்கிட்ட வாக்கு வாங்கியிருக்காங்க. நீங்க எந்திரிக்கக் கூடாதுன்னு."

"என்கிட்டயும்தான் வாங்குனா." சுவிட்சின் மழுங்கிய நுனியில் விரலை வைத்தார். "ஒரு ராத்திரி நீ கடை சாத்துனப்புறம் ஓட்டுனேன், நீ செஞ்சு குடுத்தபடி. நல்லா ஓடுது. நிக்கவே இல்ல. சுத்திக்கிட்டே இருக்கு. பட்டன அழுத்திட்டா அதுபாட்டுக்கு சுத்துது. நான் எதுக்குன்னு எனக்கே தெரியலம்மா."

கருவிப் பெட்டி கனத்தது. அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. அதற்குள் டேப் இருந்தது. இரண்டு அங்குலம் கிழித்து ஒட்டினால் வாக்கு காப்பாற்றப்பட்டுவிடும்.

"முட்டி வலிக்கும்ணே" என்றேன்.

"வலிக்குது" என்றார். சுவிட்சை மேலே தள்ளினார். பச்சை இன்ஜினின் விளக்கு எரிந்தது, யாரும் பட்டனைத் தொடாமலே ரயில் மெல்ல நகர்ந்தது. கடைசிப் பெட்டி தாண்டும் வரை காத்திருந்து, சுவிட்சைக் கீழே இறக்கிவிட்டு, அது ஒரு சுற்று வருவதற்குள் தன் நாற்காலிக்குப் போய்விட வேண்டுமென்று வேகவேகமாகக் காலை இழுத்துக்கொண்டு நடந்தார்.

நான் கதவைச் சாத்திவிட்டுக் கீழே வந்தேன். ரேடியோவை நிறுத்தினேன். ஒருவர் ரசீதுக்கு நின்றிருந்தார். கூரையில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாறி மாறிக் காலடிச் சத்தம் கேட்டதும் அண்ணாந்து பார்த்து, "மேல யாரு, ரெண்டு பேரா இருக்காங்க?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.